அவள் இல்லாதபோது மட்டும் அடைத்துக்கொள்ளும் குழாய்

1

இந்தக் கதை ஒரு நாற்றத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் வாசகரே. பிறகு யாராவது உங்கள் காதில் போட்டு, "அந்தம்மா இதை மறைத்துவிட்டாரே" என்று நீங்கள் குறைப்படக் கூடாது. மற்றவர்களுடைய கதைகள் மழையில் பிறக்கும், ரயில் பயணத்தில் பிறக்கும். என்னுடையது என் எழுத்து அறையின் சுவரில், ஏழடி உயரத்தில், ஏசியின் வாயிலிருந்து வந்தது.

நான் வார இதழ்களுக்குத் தொடர்கதை எழுதுகிறவள். முப்பது வருடம், இருபத்திரண்டு தொடர்கள். இருபத்திரண்டிலும் மாமியார்தான் வில்லி. ஒருத்தி மருமகளின் தையல் மிஷின் ஊசியை உடைத்து வைத்தாள். ஒருத்தி நேர்முகத் தேர்வு நாளன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்தாள். அவளுக்கு வந்த வசைக் கடிதங்கள் மட்டும் ஒரு பை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இப்போது நானே மாமியார். என் மருமகள் ஏசி மெக்கானிக்.

போன வாரம் பொறுப்பாசிரியர் போன் செய்தார். "சிறப்பிதழுக்கு ஒரே வாரத்துல முடியற கதை ஒண்ணு வேணும்மா. மாமியார் மருமக இருந்தா நல்லது. சண்டை இருந்தா ரொம்ப நல்லது."

"பெருமை இருந்தா?"

"யாருக்கு யார் மேல?"

"மாமியாருக்கு மருமக மேல."

அவர் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஜாக்கிரதையாகக் கேட்டார்: "நகைச்சுவைக் கதையாம்மா?"

2

அவருக்கு நிரூபித்துக் காட்டத்தான் உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இப்படி:

"மாலைச் சூரியன் மாடிக் கட்டடங்களின் பின்னால் மெல்ல…"

(விட்டுவிட்டேன். சூரியனுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நடந்ததெல்லாம் கதவைச் சாத்திய ஓர் அறைக்குள்.)

இரண்டாவது:

"ஏணியைத் தோளில் சாய்த்தபடி அவள் படியேறி வந்தபோது அவளுடைய வளையல்கள் கலகலவென்று…"

(இதை அவளிடமே காட்டினேன். என் கதைகளை அச்சுக்கு முன்னால் படிப்பவள் அவள்தான். "அத்தை, நான் எங்க வளையல் போட்டேன்? ஏசிக்குள்ள இருக்கிற காயில் தகடு பிளேடு மாதிரி இருக்கும். வளையல் அதுல மாட்டிச்சுன்னா கையோட போகும்" என்றாள். பென்சிலால் வளையலை அடித்துவிட்டு, ஓரத்தில் "கிளவுஸ்" என்று எழுதினாள். இனி இப்படி அவள் குறுக்கிட்ட இடங்களை அப்படியே விட்டு வைக்கிறேன். என் எழுத்தைத் திருத்திய ஒரே ஆள் அவள். பொறுப்பாசிரியருக்குக்கூட அந்தத் தைரியம் வந்ததில்லை.)

சரி, நேராக ஆளுக்கு வருகிறேன். மூன்றாவது தொடக்கம், இதுதான் நிலைத்தது:

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். குடியிருப்பில் அறுபத்து நான்கு வீடுகள். அத்தனை பேரும் அவரை நோட்டீஸ் சார் என்றுதான் சொல்வோம். லிஃப்டில் நோட்டீஸ், படிக்கட்டில் நோட்டீஸ், தண்ணீர்த் தொட்டியில் நோட்டீஸ். "இங்கே நோட்டீஸ் ஒட்டக் கூடாது" என்று ஒரு நோட்டீஸ். கீழே அவர் கையெழுத்து.

அறுபத்து நான்கு வீட்டு ஏசிகளையும் வருடம் முழுவதும் ஒரே ஆளிடம் பராமரிப்புக்கு விடுவதென்று சங்கம் முடிவு செய்திருந்தது. மூன்று பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் மருமகள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தார். என் எழுத்து அறையில் உட்கார வைத்து ஏசியைப் போட்டேன்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"ரூம்ல ஈரத் துணி ஏதாவது மறந்து வச்சுட்டீங்களா?"

"இல்லையே."

"அப்ப இந்த வாடை?"

"அது பழைய பத்திரிகை வாடை சார். முப்பது வருஷத்து இதழ் அத்தனையும் இங்கதான் இருக்கு." என் எழுத்தின் வாடை என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையோடுகூட.

அவர் எழுந்தார். அலமாரியை முகர்ந்தார். தலையை ஆட்டினார். பிறகு ஏசிக்குக் கீழே போய், குதிகாலைத் தூக்கி, ஒரு இழுப்பு இழுத்தார். கைக்குட்டை வெளியே வந்தது.

"பத்திரிகை இல்ல மேடம். ஏசி." உட்காரவில்லை. "உங்க மருமக பார்க்கிற ஏசி."

வாசலில் செருப்பை மாட்டியபடியே தீர்ப்பையும் சொன்னார். "நான் நேராவே சொல்லிடறேன். நாளைக்கு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை கமிட்டியோட வரேன். இந்த ரூமையே மாதிரி வேலையா வச்சுக்கலாம். நாத்தம் போயிருந்தா உங்க மருமகளைப் பத்திப் பேசுவோம். போகலைன்னா மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர். சொந்த மாமியார் ரூமையே சரி பண்ண முடியாதவங்களுக்கு அறுபத்து நாலு வீட்டை எப்படிக் குடுக்கறது?"

(அடிக்குறிப்பு போல ஒன்று: ஒரே வாடையில் இருந்தால் மூக்குக்கு அது தெரியாமல் போய்விடும் என்று மருமகள் பிறகு சொன்னாள். மூக்கு மாமியார் மாதிரி இல்லை. சீக்கிரம் சமாதானமாகிவிடும்.)

3

இங்கே அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமையின் கனம் உங்களுக்குத் தெரியாது.

அவள் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தாள். அங்கே ஏணி ஏறுகிற ஒரே பெண். எட்டு மாதத்துக்கு முன்னால் வெளியே வந்து, ஒற்றை ஷட்டர் கடை ஒன்றை எடுத்து, தன் பெயரைப் போட்டுப் பலகை மாட்டினாள். கிளம்பும் நாளில் சூப்பர்வைசர், "உன் லாக்கரை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்மா. எப்படியும் திரும்பி வருவே" என்றாராம். சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பை அவள் எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள், நான்கு முறை.

கடைக்கு வேலை போதவில்லை. அறுபத்து நான்கு வீடு கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டு அந்த லாக்கருக்குப் போக வேண்டியதுதான். என் மகன், "எதுவானாலும் எனக்குச் சம்மதம்" என்றான். அவன் எதற்கும் அதைத்தான் சொல்வான். இந்தக் கதையில் அவனுக்கு இதற்கு மேல் வேலை இல்லை.

அவர்கள் வீடு இங்கிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. திங்கட்கிழமை காலை ஏணி, வாளி, ஜெட் பம்போடு அவள் வந்தாள். மெக்கானிக் வருகிறாள் என்பதால் நான் முன்னதாகவே அறையை ஒதுக்கி வைத்திருந்தேன். மேசையை நகர்த்தினேன், பால்கனியில் கிடந்த சாமான்களை எல்லாம் குளியலறைக்குக் கொண்டுபோனேன். வேலை செய்கிறவளுக்கு நிற்க இடம் வேண்டாமா?

அவள் வேலை செய்வதை நான் அதற்கு முன் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. சுவர் நனையாமல் ஏசியைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறையை மாட்டினாள். ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருக்கும் காயில் என்கிற தகட்டு வரிசையில் மருந்து அடித்துவிட்டு, பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள்.

"ஏம்மா, அடிச்சுக் கழுவிட வேண்டியதுதானே?"

"மருந்து ஊறணும் அத்தை. நீங்க ஒரு வாரம் தொடரும் போட்டு ஊற வைக்கிறீங்கல்ல, அந்த மாதிரி."

பிறகு பம்பைத் திருப்பினாள். வாளியில் விழுந்தது தண்ணீர் இல்லை, மை. வழவழவென்று கறுப்பாக, பூசணமும் தூசும் கலந்து. எனக்கே வெட்கமாகிவிட்டது. முடித்ததும் தண்ணீர் வடிகிற தட்டில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சோதித்தாள். குழாய் வழியாகப் பால்கனிக்கு ஓடிவிட்டது.

"டிரெயின் பைப் சரியா இருக்கு. இனிமே அணைக்கறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஃபேன் மோட்ல விடுங்க. உள்ள காயணும். ஈரத்தோட மூடினாத்தான் பூசணம் பிடிக்கும்."

என் மூக்குக்குப் பழகிப்போன அந்த நாற்றம் போய்விட்டதாகச் சொன்னாள். அவள் கிளம்பியதும் அறையைப் பழையபடி ஒழுங்குபடுத்திவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை ஏதோ கையெழுத்து வாங்க நோட்டீஸ் சார் வந்தார். அறை வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் கை பாக்கெட்டுக்குப் போனது தெரிந்தது. கைக்குட்டை வந்தது.

போன் செய்தேன். "திரும்ப வந்துடுச்சாம்மா."

"யாரு?"

"நாத்தம்."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு வரேன் அத்தை" என்றாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எழுத்தாளருக்கு வரும் சந்தேகம் இல்லை, மாமியாருக்கு வரும் சந்தேகம். இவளுக்கு நிஜமாகவே வேலை தெரியுமா? ஏழு வருடமும் அந்தக் கம்பெனியில் யாருக்காவது ஏணி பிடித்துக்கொண்டுதான் நின்றாளோ?

(இந்த வரியை அவள் படித்தாள். அடிக்கவில்லை. ஓரத்தில், "எனக்கும் அன்னிக்கு அதே சந்தேகம்தான்" என்று எழுதியிருக்கிறாள்.)

சந்தேகத்தை மறைக்க நான் என் தொழிலுக்குள் ஓடினேன். போட்டிக்கு விண்ணப்பித்த மற்ற இருவரில் ஒருவனை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன்:

"கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தபடி அவன் பால்கனிக் கம்பியைப் பிடித்து ஏறி, குழாய்க்குள் எதையோ…"

(கிழித்துவிட்டேன். என் வீடு மூன்றாவது மாடி. அவனுக்கு ஏணி வேண்டும். அப்படி ஓர் ஏணி இந்தக் குடியிருப்பில் இருந்தால் நோட்டீஸ் சார் அதிலும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்.)

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். நான் வழக்கம்போல் இடத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். இந்த முறை காற்றுத் தள்ளுகிற நீள உருளையையே கழற்றி வெளியே எடுத்துக் கழுவினாள். அதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு டார்ச்சை அடித்து, தட்டுக்குள் விரலை விட்டு, ஓரமாக ஒரு கோடு போல் தடவி எடுத்தாள். விரல் நுனியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் பாருங்க அத்தை."

"என்னம்மா, எச்சில் மாதிரி."

"திங்கக்கிழமை இந்தத் தட்டைத் தேச்சுக் கழுவினேன். நாலு நாள்ல இவ்வளவு வழவழப்பு வராது. அதுவும் இந்த உயரத்துல ஒரே நேர்கோடா. தண்ணி இது வரைக்கும் வந்து நின்னிருக்கு. மணிக்கணக்கா."

"அடைப்பு இருக்கோ?"

மறுபடி ஒரு பாட்டில் ஊற்றினாள். ஓடிப்போனது. எங்கும் அடைப்பில்லை.

ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கதைகளில் போலீஸ் அதிகாரிகளுக்கு அந்தப் பார்வையைக் கொடுக்க எத்தனையோ முறை முயன்று தோற்றிருக்கிறேன்.

"நான் இருக்கும்போது ஓடுது. நான் இல்லாதப்போ மட்டும் அடைச்சுக்குது. அத்தை, நான் இல்லாதப்போ இந்த ரூம்ல என்ன நடக்குது?"

"என்ன நடக்கும்? எழுதறேன்."

"சரி. எழுதுங்க."

"இப்பவா?"

"இப்பவே. ஏசியைப் போடறேன். நான் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு, தினம் எப்படி எழுதுவீங்களோ அப்படி எழுதுங்க."

"நீ உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா எனக்கு எப்படிம்மா எழுத வரும்?"

"எனக்கு மட்டும் நீங்க உத்துப் பார்க்கும்போது வேலை வந்துச்சுல்ல?"

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் ஏணியின் மேல்படியில் ஏறி, சுவரோடு சாய்ந்து…

(மருமகள்: "ஏணி இல்ல, ஸ்டூல். கதவு ஓரமா.")

ஸ்டூலில், கதவு ஓரமாக உட்கார்ந்தாள். போனைப் பார்க்கவில்லை. அசையவும் இல்லை. பத்து நிமிடத்தில் நான் அவளை மறந்துவிட்டேன். தொடரில் ஒரு முக்கியமான இடம். மாமியார் பீரோச் சாவியை ஒளித்து வைக்கிறாள். அதை எந்தப் பானையில் போடலாம் என்று…

5

நடந்ததை எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன். பாதிதான் எனக்குத் தெரியும். மீதி அவள் பார்த்தது.

அரை மணி நேரம் கழித்து "டொக்" என்று ஒரு சத்தம். என் மேசைக்கு வலப்பக்கம் பால்கனி. ஏசித் தண்ணீர் வடிகிற குழாய் அங்கேதான் முடிகிறது. நீளம் போதாமல், வெளி யூனிட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கும். ஒவ்வொரு துளியும் இரும்பில் விழும். டொக். நீங்கள் எழுதிப் பாருங்கள் வாசகரே, "அவள் கண்களில்", டொக், "நீர்", டொக், "திரண்டது", டொக்.

நான் எழுந்தேன். குளியலறைக்குப் போனேன். அங்கே ஒதுக்கி வைத்திருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கேனை எடுத்து வந்தேன். அதில் முக்கால் பங்கு தண்ணீர் இருந்தது. பால்கனியில் வைத்து, குழாய் முனையைக் கேனுக்குள் விட்டு, அடி வரைக்கும் அழுத்தி, அது மிதந்து வெளியே வராமல் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினேன். தண்ணீருக்குள் முனை இருந்தால் துளிக்குச் சத்தம் இல்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, பேனாவை எடுத்தேன். இத்தனையையும் செய்தது என் கை. என் மனசு முழுக்கப் பீரோச் சாவியில் இருந்தது.

"அத்தை."

தூக்கிவாரிப் போட்டது.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. எழுதறேன்."

"எழுந்து போனீங்களே."

"நானா?"

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துப் பால்கனிக்கு அழைத்துப் போனாள். கேனைக் காட்டினாள். கிளிப்பைக் காட்டினாள். அந்தக் கணத்தில்தான் எனக்கே தெரிந்தது, இதை நான் தினமும் செய்கிறேன் என்பது. இரண்டு வருடமாகச் செய்கிறேன். அவள் வருகிற நாளில் மட்டும், அவளுக்கு மரியாதையாக, கேனை எடுத்து ஒளித்து…

(ஒளித்து இல்லை. ஒதுக்கி. இந்த ஒரு சொல்லை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

"ஒரு அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க" என்றாள். பார்த்தோம். அவள் கிளிப்பைக் கழற்றி, குழாயைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினாள். உள்ளே தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் "குபுக்" என்று கொட்டியது. குடிக்கும்போது பாட்டிலின் வாயை உதட்டால் இறுக்கி மூடிக்கொண்டால், உள்ளே காற்றுப் போகாமல் எப்படித் தண்ணீர் வராதோ, அப்படித்தானாம் இதுவும். முனை தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தால் குழாயில் காற்று சிக்கிக்கொள்ளும், தட்டில் தண்ணீர் நிற்கும். நின்ற தண்ணீரின் மேல் காற்று ஓடி ஓடி என் முகத்துக்கு வரும். நான் எவ்வளவு அதிகமாக எழுதினேனோ அவ்வளவு நாற்றம்.

"இந்தச் சத்தம் தொல்லையா இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

"சொட்டுச் சத்தத்துக்கெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிடுவாங்களா?"

"சத்தமும் கம்ப்ளெய்ன்ட்தான். நீங்க அதைச் சொல்லியிருந்தா நான் ரெண்டு தடவை உருளையைக் கழட்டியிருக்க வேண்டாம்."

(மருமகள்: "ஒரு தடவைதான் கழட்டினேன்." அன்று சொன்னது இரண்டு தடவை. கோபத்தில் கணக்கு ஏறும்.)

கோபத்தோடேதான் வேலையும் பார்த்தாள். குழாயை நீட்டி, சரிவு கொடுத்து, தரைத் துவாரத்துக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினாள். முனையில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று. நான் ஐந்து நிமிடம் நின்று அதையே பார்த்தேன். இருபத்திரண்டு தொடரில் ஒரு முடிச்சைக்கூட நான் இவ்வளவு சுத்தமாக அவிழ்த்ததில்லை. இதை யாராவது கேட்கட்டுமே என்று சத்தமாகவே சொன்னேன். கேட்க அவளைத் தவிர யாரும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரட்டும் அத்தை" என்று ஏணியை மடித்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் ஐந்து பேரில் இரண்டு பேர் வந்தார்கள்: நோட்டீஸ் சாரும் மேல்மாடிப் பல் டாக்டரும். "நாத்தத்துல நான் எக்ஸ்பர்ட்" என்றார் டாக்டர். "தினம் முப்பது வாய் பார்க்கறேன். என் மூக்கை ஏமாத்த முடியாது."

மருமகள் அவர்களை உடனே உள்ளே விடவில்லை. அறை ஒரு மணி நேரமாகக் கதவடைத்து ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "பத்து நிமிஷம் வெளிக்காத்துல நில்லுங்க சார். அப்பத்தான் மூக்கு உண்மை சொல்லும்" என்று மொட்டை மாடிக்கு அனுப்பினாள். கமிட்டியையே வெயிலில் நிறுத்தியவள் இந்தக் குடியிருப்பில் இவள் ஒருத்திதான்.

இறங்கி வந்தார்கள். கதவைத் திறந்தாள். டாக்டர் மூச்சை இழுத்தார். நோட்டீஸ் சார் ஏசிக்குக் கீழே போய்க் குதிகாலைத் தூக்கினார். கைக்குட்டைக்கு வேலை வரவில்லை.

"இப்ப இல்லை," என்றார். "ஆனா போன தடவையும் ரெண்டு நாள் இல்லாமத்தான் இருந்துச்சாம். கழுவினதுக்கு அப்புறமும் நாத்தம் ஏன் திரும்பி வந்துச்சு? தப்பு யாரோடது?"

வாசகரே, இந்தக் கேள்விக்கு என் தொடர்களில் ஒரே ஒரு பதில்தான் உண்டு. நானும் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன்:

"மருமகள் தலையைக் குனிந்தாள். 'என் தப்புதான் சார்,' என்றாள் தழுதழுத்த குரலில். குடும்ப மானம்…"

(இல்லை. அப்படி நடக்கவில்லை.)

இன்னொன்றும் எழுதிப் பார்த்தேன். இதில் எனக்குக் கொஞ்சம் நல்ல வேடம்:

"'நிறுத்துங்கள்!' மாமியார் எழுந்து நின்றாள். கண்களில் நீர். 'அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் காரணம்…'"

(இதுவும் நடக்கவில்லை. எழுந்து நிற்க நினைத்தேன். உண்மை. மடியில் எழுத்துப் பலகை இருந்தது. அதை இறக்கி வைப்பதற்குள் அவள் பேசிவிட்டாள்.)

அவள் சொன்னது இது. ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை:

"ரெண்டு பேர் தப்பும் இருக்கு சார். டிரெயின் பைப் முனையைத் தண்ணிக் கேனுக்குள்ள முக்கி வச்சது வீட்டுக்காரங்க தப்பு. முதல் தடவை வந்தப்போ நான் மெஷினை மட்டும் பார்த்தேன், அவங்க அதை எப்படி வச்சுப் புழங்கறாங்கன்னு பார்க்கலை. அது என் தப்பு."

"வீட்டுக்காரங்கன்னா…" நோட்டீஸ் சார் குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமியாரா?"

"ஆமா சார். இந்த வீட்ல அவங்க எனக்குக் கஸ்டமர்."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கதைகளை அவர்கள் வீட்டில் படிக்கிறார்கள்; இப்போது என்ன வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் என்னைத் தேடிப் பார்த்தேன். கோபம் வரவில்லை. மூன்றாம் மனிதர் முன்னால் என் மருமகள் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லிவிட்டாள், பங்கு போட்டு, தன் பங்கைக் குறைக்காமல், என் பங்கையும் குறைக்காமல். நான் உருவாக்கிய நல்ல மருமகள்கள் இருபத்திரண்டு பேரும் பழியை விழுங்கியவர்கள். அவர்களில் ஒருத்தியிடம்கூட என் வீட்டு ஏசியை நம்பிக் கொடுக்க மாட்டேன்.

"ஆமா சார், நான்தான்" என்றேன். "கிளிப் போட்டு வச்சேன். ஸ்டூல் போட்டு உக்காந்து இவதான் கண்டுபிடிச்சா." குரல் கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்துவிட்டது. தப்பை ஒப்புக்கொள்கிற குரல் மாதிரி இல்லை, பரிசு வாங்குகிற குரல் மாதிரி இருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னாராம்.

நோட்டீஸ் சார் விடவில்லை. "இந்த மாதிரி ஒவ்வொரு வீட்லயும் ஒண்ணு இருக்கும். எல்லா வீட்லயும் ஸ்டூல் போட்டு உக்காருவீங்களா?"

"கழுவினப்புறமும் நாத்தம் திரும்பி வந்தா உக்காருவேன் சார்."

"அறுபத்து நாலு வீட்லயும்?"

"எத்தனை வீட்ல வருதோ அத்தனை வீட்லயும்."

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, ஒரு சந்தேகம். பொதுவாத்தான் கேக்கறேன். ஏசிக்குள்ள சென்ட் அடிக்கலாமா?"

"அடிச்சீங்களா சார்?"

"பொதுவாத்தான்மா."

"எவ்வளவு நாளா?"

"ஒரு ஆறு மாசமா."

மருமகள் கிளவுஸை எடுத்துக்கொண்டு, "வாங்க சார், பார்த்துடலாம்" என்று மேல்மாடிக்குப் போய்விட்டாள். கமிட்டி கூடி முடிவெடுத்துக் கடிதம் கொடுப்பதாகச் சொல்லி நோட்டீஸ் சாரும் கிளம்பினார்.

7

ஆறாம் பகுதி வரை நேற்றே எழுதி அவளிடம் காட்டிவிட்டேன். திருத்தங்களைப் பார்த்தீர்கள். கடைசிப் பக்கத்தில் அவள் எதையும் அடிக்கவில்லை. "மாமியார்" என்று நான் எழுதியிருந்த ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் "அத்தை" என்று மாற்றிவிட்டு, பிறகு அதையும் அடித்துவிட்டு, பழையபடி "மாமியார்" என்றே எழுதியிருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்று காலை பதினோரு மணிக்கு நோட்டீஸ் சார் வந்தார். வெள்ளை உறை. ஒட்டியிருந்தது. மேலே அவள் பெயர், அவள் கடைப் பெயர். "மருமக வந்தா குடுத்துடுங்க மேடம்." அவர் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். ஊரெல்லாம் ஒட்டுகிற மனிதர், தன் முகத்தில் மட்டும் ஒன்றும் ஒட்டி வைத்திருக்கவில்லை.

போன் செய்தேன். "லெட்டர் வந்திருக்கும்மா."

"அப்படியா அத்தை." பின்னால் பம்ப் சத்தம்.

"பிரிச்சுப் படிக்கவா?"

"வேண்டாம். ஒரு வீட்ல காயிலைக் கழட்டிப் போட்டிருக்கேன். இப்ப அதைக் கேட்டா கை நடுங்கும். நல்லதுன்னாலும் நடுங்கும், இல்லைன்னாலும் நடுங்கும். ஆறு மணிக்கு வரேன், நானே பிரிச்சுக்கறேன்."

"எனக்கு நாலு மணிக்குக் கதை போகணுமே?"

"வேலை முடிஞ்ச இடத்தோட கதையை முடிங்களேன். நாத்தம் போச்சு, சத்தமும் போச்சு. அவங்க குடுக்கறதும் குடுக்காததும் என் வேலைல சேராது." வைத்துவிட்டாள்.

பொறுப்பாசிரியரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "ஆறரை வரைக்கும் பொறுக்க முடியுமா?" "அச்சு நிக்காதும்மா. முடிவு தெரியலைன்னா நீங்களே ஒண்ணு வச்சுடுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியும். இரண்டு முடிவுமே வைக்கத் தெரியும். "உறையைப் பிரித்தவளின் முகம் மலர்ந்…" என்று ஒரு தாளிலும், "ஷட்டர் இறங்கும் சத்தம் தெரு முழுக்க…" என்று இன்னொரு தாளிலும் எழுதினேன். இரண்டும் நன்றாகத்தான் வந்தன. இரண்டையும் கசக்கிப் போட்டேன். நான் எதை எழுதினாலும் அந்த உறைக்குள் இருப்பது மாறப்போவதில்லை. நிஜமாக உழைத்தவளுக்கு நான் கற்பனையில் கூலி கொடுப்பது சரியும் இல்லை.

மூன்று ஐம்பது. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. டீக்குத்தான். ஆவியில் காட்டினால் பசை இளகும் என்பது எனக்குத் தெரியும். எழுதிச் சம்பாதித்த அறிவு அது. கெட்டிலை அணைத்துவிட்டேன்.

உங்களால் பொறுக்க முடியாவிட்டால், வாசகரே, நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படிக்கும் நாளில் ஆறு மணி எப்போதோ கடந்திருக்கும், தெருவில் இறங்கினால் அந்தக் கடை திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்துவிடலாம். என் மேசையில் இன்னும் நான்கு ஆகவில்லை. உறை ஏசிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் என் கையை வைத்திருக்கிறேன். மற்றக் கையால் இதை எழுதுகிறேன்.